பன்னிரண்டாம் வரியில் பொறுப்பாளர் இல்லை

அன்பும் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கோபமும் உடைய என் வீட்டுக்காரிக்கு,

கார் ஓட்டக் கற்றுத்தரும் நம் பள்ளியின் ஒரே ஆசிரியனான உன் கணவன் எழுதுவது. இங்கே நான், உன் தம்பி, இரண்டு கார்கள் எல்லோரும் நலம். கைபேசியில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் இந்தத் தாள்.

நம் இணையதளம் திங்கட்கிழமை படுத்தது, இன்னும் எழவில்லை. பள்ளியின் பெயரை மாற்றலாம் என்று, தளத்தை இயக்கும் சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். "ஏங்க, எதை மாத்தினாலும் முதல்ல சோதிச்சுப் பாருங்க, அப்புறம்தான் சர்வரைத் திரும்ப ஆரம்பிக்கணும்" என்று நீ படித்துப் படித்துச் சொன்னபடியே சோதித்தேன். பன்னிரண்டாம் வரியில் 'பொறுப்பாளர்' என்ற கட்டளைக்குப் பின்னால் எதுவுமே இல்லை என்றது. வெளியூர் வேலைக்குக் கிளம்புகிற அன்று உன் மின்னஞ்சல் முகவரியை அழித்துவிட்டு, "இங்க உங்களோடதைப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதே இடம். சர்வரை அன்றிலிருந்து நிறுத்தாததால் குட்டு வெளிப்படவில்லை. உன் தம்பியோ, "சோதனை கிடக்கட்டும் மாமா, ஒரு தடவை அணைச்சுப் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று அணைத்துவிட்டான். அணைந்தது அணைந்ததுதான்.

நானும் சும்மா இருக்கவில்லை. அங்கே நீளமாக இடைவெளி விட்டுப் பார்த்தேன், காலி காலிதான் என்றது. 'நானும் என் மச்சானும்' என்று எழுதினேன், ஒன்றுக்கு மேல் கூடாது என்றது. இதற்கிடையே, வகுப்பு நேரம் பார்க்க இணையப் பக்கம் இல்லாததால் மாணவர்கள் மொத்தமாக வந்து நிற்கிறார்கள். நேற்று நான்கு பேரை ஒரே காரில் ஏற்றி, ஆளுக்கு ஒரு தெருமுனை வரை ஓட்டவிட்டேன். என் முகவரியைப் போட்டால் முடிந்தது, தெரியும். ஆனால் போடக் கை வரவில்லை. போட்டால் நீ திரும்பி வரமாட்டாய் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறது.

வேலையை இன்னும் ஓராண்டு நீட்டிக்கச் சொல்கிறார்கள் என்றாய். தாராளமாக இரு. எங்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். அந்த வரியில் என்ன போடுவது என்று மட்டும் எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் தம்பி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
உன்னவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உன் பழைய முகவரியையே அங்கே போட்டேன். சோதனை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது, சர்வர் எழுந்துவிட்டது. இனிப் பள்ளியின் புகார்கள் எல்லாம் உனக்குத்தான் வரும். 'தாராளமாக இரு' என்று மேலே எழுதியதை அடித்துவிடு. முதல் புகாரை நானே அனுப்பியிருக்கிறேன். அதற்கும் கட்டைவிரலைக் காட்டாதே, கிளம்பி வா.