தானா வந்துடும்

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!"

எங்கள் வீட்டில் பொழுது விடிவதே இந்தப் புலம்பலில்தான். புலம்புகிறவர் என் வீட்டுக்காரர். இடம், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்ன அறை. ஒரு காலத்தில் அங்கே துடைப்பமும் இஸ்திரிப் பெட்டியும் மானத்தோடு வாழ்ந்தன. இப்போது ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. துடைப்பம் குளியலறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'தானா வந்துடும்' ஆசாமி. உங்களுக்கும் தெரிந்தவர்தான். கையால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலையைத் தானாக நடக்க வைப்பதற்காக மூன்று மாதம் கையால் உழைக்கிறவர். செடிக்குத் தண்ணீர் தானாக விழ வேண்டும், வாசல் விளக்கு தானாக எரிய வேண்டும், கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட தட்டு மட்டும் தானாகக் கழுவப்படுகிறது என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை. அதில் அவர் இன்னும் கை வைக்கவில்லை.

கறுப்புப் பெட்டியின் கதை இதுதான். குடும்பத்தின் போட்டோ, பத்திரம், மகளின் படிப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். மகளின் லேப்டாப்பைத் திறந்தால், பெட்டியில் இருப்பதெல்லாம் 'வீடு' என்ற ஃபோல்டரில் வந்து நிற்கும். இரண்டிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ். வந்து நிற்பதற்கு மவுண்ட் ஆவது என்று பெயராம். நின்றதா? ஒரு நாள் நிற்கும், இரண்டு நாள் நிற்காது. லேப்டாப் எழுந்ததும் வைஃபை வருவதற்கு முன்பே போய்ப் பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று திரும்பிவிடுமாம். அவசரக்குடுக்கை. யாரைப் போல என்று நான் சொல்லவில்லை.

பழுது என்றதும் இந்த ஆசாமி என்ன செய்வார்? முதல் கேள்வி, "யாரு தொட்டது?" தூசி துடைத்ததை ஒப்புக்கொண்டால் அன்று முழுக்க நான்தான் குற்றவாளி. அடுத்து எல்லாவற்றையும் அணைத்துப் போடுவார். அதற்கடுத்து முகம் தெரியாத எவனோ ஏழு வருடத்துக்கு முன் எங்கோ எழுதி வைத்ததைப் படித்து, ஒரே மூச்சில் நான்கு இடத்தில் மாற்றுவார். சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது, கெட்டால் எதனால் கெட்டது என்றும் தெரியாது. ஒரு தாளில் குறித்து வைக்கலாமே?

"எல்லாம் தலைல இருக்கு."

இருக்கட்டும். அங்கேயாவது மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று யார் பார்ப்பது?

போன வாரம் திங்கள் காலை, 'வீடு' காலியாக இருந்தது. மகள் கட்டட வரைகலை படித்துவிட்டு ஒன்றரை வருடமாக வேலை தேடுகிறவள். முதல்முறையாக ஒரு அலுவலகம் அவளுடைய வரைபடங்களைக் கேட்டிருந்தது. கெடு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி.

"அப்பா, ஃபோல்டர்ல ஒண்ணுமே இல்லப்பா. எங்க சேவ் பண்றது?"

"அதுலயே பண்ணுடா கண்ணு. நான் சரிபண்ணினதும் பெட்டிக்குத் தானா போயிடும்."

நான்கு நாள், பதினான்கு வரைபடம். பிள்ளை கண் சிவக்க உட்கார்ந்து போட்டு, சொன்னபடி அதிலேயே வைத்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, படிக்கு அடியிலிருந்து ஒரு வெற்றி முழக்கம்.

"வந்துடுச்சு! சொன்னேன்ல?"

வந்துதான் இருந்தது. கல்யாண போட்டோ வந்தது, பத்திரம் வந்தது. பதினான்கு வரைபடம் மட்டும் போயிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் இந்த இனத்தின் முழு அழகு. பெட்டியைத் துழாவினார். வயரைப் பிடுங்கிச் செருகினார். என் தம்பியும் அதே ஜாதி ஆசாமி என்பதால் அவனுக்குப் போன் போட்டார். அவன், "பெட்டி பக்கம் பாத்தீங்களா மச்சான்?" என்று கேட்க, இவர், "அதத்தான் மாப்ள பாக்கறேன்" என்று சொல்ல, இப்படியே பகல் இரண்டரை ஆனது. மகள் லேப்டாப்பைப் பார்த்தபடி கழுத்துச் சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கைவேலையைப் போட்டுவிட்டு வந்தேன்.

"ஏண்டி, எப்பெப்ப வச்ச?"

"திங்கள்லேருந்து நேத்து வரைக்கும்மா."

"அப்பல்லாம் பெட்டி வரல. வந்தது இன்னிக்கு. சரியா?"

"ஆமா."

"என்னங்க, மேசைல பேப்பரை வச்சிருக்கா. நீங்க அது மேல விரிப்பை விரிச்சுட்டு வீடெல்லாம் தேடறீங்க. விரிப்பை எடுங்க."

"கம்ப்யூட்டர்ல அப்படியெல்லாம் கிடையாதும்மா. உனக்குச் சொன்னா புரியாது."

புரிய வேண்டாம் என்று போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

"ஐயையோ! அப்படி அணைக்கக் கூடாது!"

"அணைச்சாச்சு. நீ லேப்டாப்பை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுடி."

காலையில் அவர் கற்றுக்கொடுத்த பொறுமையோடு லேப்டாப் ஒன்றரை நிமிடம் பெட்டிக்காகக் காத்திருந்தது. பெட்டி வராது என்று முடிவு கட்டி, தன் பாட்டுக்கு எழுந்தது. மகள் 'வீடு' ஃபோல்டரைத் திறந்தாள். போட்டோ இல்லை, பத்திரம் இல்லை. பதினான்கு வரைபடம், வைத்த இடத்தில் வைத்தபடி.

"அம்மா!" என்றாள். அவ்வளவுதான். மூன்று மணிக்கு முன்பே அனுப்பிவிட்டாள்.

அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். "நானும் அதத்தான் சொல்ல வந்தேன். பெட்டி வராதப்ப லேப்டாப்போட வெறும் ஃபோல்டர்ல விழுந்திருக்கு. பெட்டி வந்ததும் அது மேல மூடிடுச்சு."

சொல்ல வந்தாராம்! மறுநாள் போனில் தம்பியிடம், "ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சேன் மாப்ள" என்பது என் காதில் விழுந்தது. கழட்டிய கை யாருடையது என்று அவனும் கேட்கவில்லை.

மகளை வரும் திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு எழுப்ப, வீட்டு விளக்கெல்லாம் தானாக எரிகிற மாதிரி ஒரு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது. நான் ஆறே முக்காலுக்குக் கையால் எழுப்பிவிடுவதாக இருக்கிறேன். அவரிடம் சொல்லாதீர்கள்.

ஆனால் ஒருநாள் வந்து அவரைப் பாருங்கள். வாசல் மணி தானாக அடிக்கும் என்று நிற்காதீர்கள், கதவைத் தட்டுங்கள். படிக்கு அடியில் முதுகு மட்டும் தெரியும், அதுதான் அவர். சும்மா பார்த்துவிட்டு வந்தால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. "பெட்டிக்கு முன்னாடி வைஃபையைப் பாத்தீங்களா சார்?" என்று கேட்க நாக்கு துறுதுறுத்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே இன்னொரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன்.

வரும்போது உங்கள் வீட்டம்மாவையும் கூட்டி வாருங்கள். எங்களுக்கும் பேச நிறைய இருக்கிறது.