தெரிந்த நாள் கணக்கில்லை

மனநல ஆலோசகர்கள் மீது வரும் புகார்களை மிகுந்த பரிவோடு நிராகரிப்பது எங்கள் அலுவலகத்தின் பணி. பரிவுக்கு இங்கே குறைவே கிடையாது. போன வருடம் காத்திருப்பு அறைக்கு மெத்தை நாற்காலிகள் வாங்கினோம். மூலையில் வாசனை மெழுகுவத்தி வைத்தோம். சுவரில் ‘மனம் திறந்து பேச அவசரப்படாதீர்கள்’ என்று ஆளுயர போஸ்டர். அதற்குக் கீழேயே பொடி எழுத்தில், ‘மூன்று வருடம் கடந்த புகார்கள் ஏற்கப்படமாட்டா.’ இரண்டையும் ஒட்டியது அடியேன்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் கவுண்டருக்கு ஒரு தையல்காரம்மா வந்தார். கணவர் இறந்த புதிதில் தூக்கம் வராமல் ஓர் ஆலோசகரிடம் போயிருக்கிறார். ‘சில நாள் எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாவது போயிடலாமான்னு இருக்கு’ என்று அங்கே அழுதிருக்கிறார். ஆலோசகர் அதை அப்படியே மாமியாரிடம் ஒப்பித்துவிட்டார். பிள்ளையை விட்டு ஓடப் பார்க்கிறாள் என்று நீதிமன்றத்தில் சொல்லி, நாலு வயதுப் பேத்தியை மாமியார் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆலோசகர் செய்தது தவறு என்று நாங்கள் ஒரு தாள் கொடுத்தால் வழக்கை மறுபடி எடுப்பார்களாம்.

“எப்போ நடந்தது?” என்று கேட்டேன்.

“அவர் சொன்னது நாலு வருஷம் முன்னாடி சார். எனக்குத் தெரிஞ்சதே போன வாரம்தான். மாமியார் சண்டையில உளறிட்டாங்க.”

“தெரிஞ்ச நாள் கணக்கில்லம்மா. நடந்த நாள்தான் கணக்கு.”

“தெரியாத விஷயத்துக்கு எப்படி சார் புகார் குடுக்கறது?”

“அதுக்குத்தாம்மா மூணு வருஷம் டைம் குடுத்திருக்கோம்!”

விதியில் இரக்கத்துக்கும் ஓர் இடம் உண்டு. மனநிலை காரணமாகத் தாமதம் என்றால், சிகிச்சை அளித்தவரிடமிருந்து சான்றிதழ் வாங்கி வரலாம்.

“அவர் மேலதானே சார் புகாரே!”

“அவரைவிட உங்களை யாருக்கும்மா நல்லாத் தெரியும்?”

மறுவாரம் சான்றிதழோடு வந்தார். ‘இவர் நான்கு வருடங்களாகத் தெளிவான மனநிலையில் இல்லை’ என்று ஆலோசகர் தாராளமாகவே எழுதியிருந்தார்.

“தெளிவா இல்லாதவங்க புகாரை எப்படிம்மா நம்பறது?”

“அப்போ தெளிவா இருந்தேன்னு எழுதி வாங்கிட்டு வரட்டுமா?”

“தெளிவா இருந்தா ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்கன்னு கேப்பாங்களே!”

அவர் அழவில்லை. சான்றிதழை நாலாக மடித்தார். “ஊருக்கெல்லாம் தைக்கிறேன் சார். என் பொண்ணுக்கு ஒரு சட்டை தைக்க அளவு தெரியல” என்றார்.

மிகுந்த பரிவோடு ‘காலம் கடந்தது’ என்று முத்திரை குத்தினேன். நிராகரிப்பு நகலுக்குக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, இயக்குநரிடம் கையெழுத்து வாங்கப் போனேன். அவர் விழித்திருந்தார். நல்ல சமயம் என்று என் விஷயத்தையும் போட்டு வைத்தேன்.

“நாலு வருஷமா பதவி உயர்வுல என் பேரே வரலையே சார்?”

“நாலு வருஷம் முன்னாடி என்னைத் தூங்குமூஞ்சின்னு சொன்னியாமே?”

அதை நான் சொன்னது ஒரே ஒருவரிடம். ஊழியர்களின் மன நிம்மதிக்காக வியாழன்தோறும் எங்கள் அலுவலகத்துக்கு வருகிற, தையல்காரம்மா புகார் சொன்ன அதே ஆலோசகரிடம்.

“உன்னது மட்டுமா? இங்க இருக்கற அத்தனை பேர் சங்கதியும் எங்கிட்ட இருக்கு” என்று சொல்லி இயக்குநர் கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

செய்தி மாடிக்கும் கீழுக்குமாகப் பரவியது. மூன்று மணிக்குக் கவுண்டரில் ஆளே இல்லை. ஊழியர்கள் மொத்தப் பேரும் வெளிப்பக்கம், கையில் புகார்ப் படிவத்தோடு, போஸ்டருக்கு அடியில் வரிசையாக நின்றோம்.

எனக்கு முன்னால், நகலுக்காக இன்னும் காத்திருந்த தையல்காரம்மா. திரும்பி என் படிவத்தைப் பார்த்தார்.

“எப்போ நடந்தது தம்பி?” என்று கேட்டார்.