கிராணிக்கு வைத்த விஷம்

ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட போதெல்லாம் எனக்குக் கெட்டதுதான் நடந்திருக்கிறது.

அப்போது நான் தேயிலை எஸ்டேட் அலுவலகத்தில் சின்ன குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊர் ரிங்லெட்டில் நண்பன் குமரன் வீட்டில் கூடி, பகடை உருட்டிக் கதை விளையாடுவோம். கதையை நடத்துவது நான்; நண்பர்கள் அதற்குள் வீரர்கள். வில்லன் ஒரு மந்திரவாதி. அவனுக்கு, எஸ்டேட் கணக்கரைச் சொல்லும் ‘கிராணி’ என்ற பெயரையே வைத்தேன். (எஸ்டேட்டுல பொறந்தவனுக்கு இதவிட பயங்கரமான பேரு ஏது?)

கைப்பேசியில் சிதறிக் கிடந்த கதைக் குறிப்புகளை ஒருநாள் அலுவலகக் கணினியில் அடுக்கினேன். வில்லன் சமாச்சாரம் எல்லாம் ‘கிராணி’ ஃபோல்டருக்குள் போனது. எங்கள் தலைமை கிராணி பார்க்க வேண்டிய கணக்குகளைப் போடும் பொது ஃபோல்டரும் அதேதான். அது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் கிராணி கூப்பிட்டார். அவர் திரையில் என் எழுத்து: ‘கிராணி தனியாக நடப்பான். ஞாயிற்றுக்கிழமை சாக வேண்டும். தேத்தண்ணியில் விஷம் நல்லது. மனைவிக்குத் தெரியக் கூடாது.’

வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். அம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? கிராணி தன் நாற்காலியை என்னிடமிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்து இன்னும் பயந்தேன்.

“தம்பி, நான் ஒனக்கு என்னப்பா செஞ்சேன்?”

“ஐயா, அது நீங்க இல்ல. அது வேற கிராணி. மந்திரவாதி.”

அவர் எஸ்டேட் மேனேஜரான துரைக்குச் சொல்லப் போனை எடுத்தார். நான் கெஞ்சி, சாட்சிக்குக் குமரனை என் கைப்பேசியில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, கிராணியைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் இருந்தான்.

“கவலப்படாத லா. ஞாயித்துக்கெழம அவன முடிச்சிரலாம்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போலீஸ், கைவிலங்கு, தூக்குக் கயிறு வரை எல்லாம் தெரிந்தது. கிராணி என்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே அடுத்த பக்கத்துக்குப் போனார். அங்கே கதையின் கிராணி இறக்கை முளைத்து, தேயிலைக் காட்டுக்கு மேல் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கிறான். அதை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு போனைக் கீழே வைத்தார்.

“பறக்கறது நல்லாருக்கு. அது இருக்கட்டும். வெஷத்த எடுத்துரு.”

எடுத்துவிட்டேன். வேலையும் வீடும் தப்பின. ஆனால் என் கல்யாணத்தில், தேத்தண்ணி வந்ததும் கிராணி தன் கோப்பையை என் பக்கம் தள்ளினார். “மாப்ள மொதல்ல” என்றார். மாலையோடு ஒரு வாய் குடித்தேன். நான் இன்னும் நிற்கிறேனா என்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் அவர் குடித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும், என் மனைவி தேத்தண்ணித் தட்டை முதலில் என்னிடம் நீட்டுகிறாள்.