ஒன்றும் பேசாத நான்கு அழைப்புகள்

அன்பு மகள் ஹென்னாவுக்கு, இவாலோவிலிருந்து அப்பா வெய்யோ எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நாயும் நலம். மூவரில் நாய்க்கு மட்டும்தான் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது. நீ ஊலுவில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

இதைக் கைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "சரிப்பா, சரிப்பா, வச்சிடறேன்" என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவாய். இது ஒரு நிமிடத்தில் அடங்குகிற குற்றம் இல்லை. ஆகவே இன்று மாலை கிளம்பும் உதிரிப்பாக லாரியில் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் நீ வாயைத் திறப்பதற்கு முன் படித்துவிடு.

நேற்று நீ அம்மாவிடம் புலம்பியதை நானும் கேட்டேன். ஊலு தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து நீ பார்த்துக்கொள்ளும் எங்கள் கிளை லைனுக்கு எந்த வாடிக்கையாளர் கூப்பிட்டாலும் 'எங்கேஜ்டு' சத்தம்தான் வருகிறதாம். ஒரே நேரத்தில் நாலு அழைப்பு போதும் என்ற உன் கணக்கே தப்பு என்கிறாளாம் உன் மேலதிகாரி கிர்சி. உன் கணினியோ, இவாலோவுக்கும் சொதான்கிலாவுக்கும் நடுவில் இடைவிடாத ஓர் அழைப்பு, ஏழு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம், இரண்டு பக்கமும் பேச்சில்லை என்று காட்டுகிறதாம். "எந்த மனுஷங்கம்மா எட்டு மணி நேரம் பேசாம போனைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க? மெஷின்தான் ரிப்பேர். திங்கக்கிழமை அதைத்தான் சொல்லப் போறேன்" என்றாய். உன் வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. மகளே, மெஷின் நன்றாக இருக்கிறது. அந்த மனுஷன் நான்தான்.

சொதான்கிலா கிளையில் போன வருஷம் ஆட்களைக் குறைத்தபிறகு என் சிநேகிதன் ஊர்போ தனியாளாகிவிட்டான். காலை எட்டு மணிக்கு அவனைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, நான் இங்கே போல்ட் எண்ணுவேன், அவன் அங்கே அட்டைப்பெட்டி பிரிப்பான். அரைமணிக்கு ஒருதரம் "இருக்கியாடா?" என்பேன். "இருக்கேன்" என்பான். பத்தரைக்குக் காப்பி உறிஞ்சும் சத்தம் வரும். அதற்குமேல் பேச நாங்கள் என்ன உங்கள் ஊலுப் பக்கத்து வாயாடித் தெற்கத்திக்காரர்களா?

நீ விளக்கம் சொல்லாமல் விட்டாய் என்று யாரும் குறை சொல்ல முடியாது. "அப்பா, இந்த லைன் சவுனாவுல ஆவிக்குளியலுக்கு உக்கார்ற பலகை மாதிரி. நாலு பேர் உக்காரலாம். அஞ்சாவது ஆள் ஏறினா எல்லாரும் விழுவீங்க. அதான் அஞ்சாவது ஆளைக் கதவுலயே நிறுத்துறேன்" என்று படம் போட்டே காட்டினாய். ஒன்பதாம் வகுப்போடு நின்ற மூளை அதை எப்படி வாங்கிக்கொண்டது தெரியுமா? பேசினால்தானே கனம், சும்மா இருந்தால் என்ன கனம் என்று. இந்தக் கண்டுபிடிப்பை எனக்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம். பெருமை தாங்காமல் கிளை முழுக்கப் பரப்பினேன். வரவேற்பில் இருக்கும் ராய்லி, ரோவானியேமி கிளையில் இருக்கும் தன் நாத்தனாரோடு. பட்டறைக்காரர்கள் கெமியார்வி பட்டறையோடு. ஆக மூன்று.

புகார் வந்ததும் பழியை ஊலுவின் மேல் போட்டு முன்வரிசையில் நின்று கத்தியதும் நான்தான். செவ்வாயன்று, அவசரத்துக்கு என்று நீ ராய்லியிடம் கொடுத்துவைத்த கடவுச்சொல் சீட்டை அவள் மேசையிலிருந்து எடுத்தேன்.

"வெய்யோ, உன் மக வச்ச நம்பர்ல கை வச்சே, அவ உன்னைத் தொலைச்சுக் கட்டிடுவா" என்றாள் ராய்லி.

"பெத்தவன் நான். ஒரு ஒண்ணு சேர்க்கக்கூடவா உரிமை இல்லை?"

நாலைப் பதினாலாக்கினேன். பத்து நிமிடத்தில் அழைப்புகள் குவிந்து பலகை சரிந்தது, எல்லார் குரலும் விட்டுவிட்டுக் கேட்டது. கிர்சி கூப்பிட்டாள், இரண்டு வார்த்தை, பிறகு நெடிய மௌனம், பிறகு ஒரு வார்த்தை. ஊலுக்காரி ஒருத்தி கடைசியில் நம்மைப் போல நிதானமாகப் பேசக் கற்றுக்கொண்டாள் என்று ராய்லிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அது முழுக்கத் திட்டு என்று மறுநாள் மின்னஞ்சல் வந்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் மறுபடி நாலாக்கிவிட்டேன்.

இன்று மதியக் காப்பி நேரத்தில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். "நாமதான் பலகையில உக்காந்திருக்கோம். நாலாவது யாருன்னுதான் தெரியல." எங்கேஜ்டு சத்தத்தைப் பற்றித் தினம் மூன்று புகார் எழுதும் மேலாளர் அஹ்தி எழுந்து, தன் அறைக் கதவைச் சாத்தி, யாரிடமோ "வச்சிடறேன் தம்பி" என்றார். அவருடைய தம்பி உங்கள் தலைமை அலுவலகத்தில்தான் இருக்கிறார். மௌனம் குடும்பச் சொத்து போலும்.

ஒரு மணிக்கு நான்கு பேரும் வைத்துவிட்டோம். ஒன்றே காலுக்குள் ஆறு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். ஆகவே தைரியமாகச் சொல்: கணக்கு சரி, மெஷின் சரி, நாலு போதும், தப்பு முழுக்கக் கிடங்கு வெய்யோவுடையது. என் பெயரைத் தயங்காமல் எழுது. எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது. உனக்கு இப்போதுதான் ஆரம்பம்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் குல்லாய் போட்டுக்கொள். அம்மா கம்பு ரொட்டி இரண்டு வைத்திருக்கிறாள். லாரி ஓட்டுநர் ஒன்றைத் தின்பார், மிச்சம் உனக்கு. நீ எடுத்த காரியமெல்லாம் முதல் தரத்திலேயே பலிக்கட்டும் என்று வாழ்த்தும்,

அப்பா வெய்யோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போனபோது ஊர்போ கூப்பிட்டான். "ஒண்ணுமில்லடா, லைன் கெடைக்குதான்னு பார்த்தேன்" என்றான். அது இரண்டு மணிக்கு. இப்போது மணி மூன்றே முக்கால். அவனும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. வரவேற்பிலும் பட்டறையிலும் விசாரித்தேன். அங்கேயும் அதே கதைதான். அஹ்தியின் கதவு சாத்தியிருக்கிறது. ஆகவே மேலே எழுதியதை விடு. நாலு போதாது, எட்டு வேண்டும் என்று சொல். நாலு எங்களுக்கு, நாலு வாடிக்கையாளருக்கு.