ஊசி நாள் நோன்பு

“இண்டைக்கு நான் நோன்பு,” என்றார் பாறூக் ஹாஜியார்.

ஓட்டோ வாசலில் நின்றது. அவர் மனைவி பரீனா அபாயாவும் உடுத்து, பழைய மருந்துச் சீட்டுகளையும் பையில் வைத்துவிட்டாள். போன மாரியில் நியூமோனியா வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதர் அவர். கட்டிலருகே பிளாஸ்டிக் கதிரையில் அந்தப் பதினொரு நாளும் உட்கார்ந்திருந்தவள் இவள். இன்னொரு மாரியை அப்படிக் கழிக்க இவளால் முடியாது. வயதானவர்களுக்கான இன்புளுவென்சா ஊசி, நியூமோனியா ஊசி இரண்டையும் மழைக்கு முன் போடும்படி டாக்குத்தர் சொன்ன அன்று பிடித்த பிடியை அவள் இன்னும் விடவில்லை.

“அப்ப வியாழக்கிழமை போவம்.”

வியாழக்கிழமையும் நோன்பு என்றார். றமழானுக்கு வெளியே ஒரு நோன்பு பிடித்தறியாதவர். மனிதருக்கு மறுமைப் பயம் வந்துவிட்டதே என்று முதல் வாரம் பரீனா சந்தோஷப்பட்டாள். இரண்டாம் வாரம்தான் உறைத்தது. அவர் நோன்பு பிடிப்பதும், வாழைச்சேனைக் கிளினிக்கில் அந்த ஊசிகளைப் போடுவதும் திங்களும் வியாழனும் மட்டும்தான்.

மருமகனோடு நேரே பேசுவது அவளுக்கு வழக்கமில்லை. மகள் நுஸ்ராவைப் பார்த்து, பக்கத்தில் நின்ற மருமகன் ஸாஹிருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். “ஊசி போட்டா நோன்பு முறியுமா எண்டு மௌலவிக்கிட்ட ஒருக்காக் கேக்கச் சொல்லு.”

“கேட்டுட்டு வாறன் மாமி,” என்றான் ஸாஹிர், அவனும் நுஸ்ராவைப் பார்த்தே.

நுஸ்ரா சும்மா இருக்கவில்லை. “உம்மா, உங்களுக்கும் அறுபத்தேழு. மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம் வேற. நீங்களும் போட்டா என்ன?”

“எனக்கென்ன? தூசிக்கு இழுக்கிது. அதெல்லாம் ஒரு வருத்தமா? வாப்பாட கதையப் பாரு.”

முறியாது என்று மௌலவி சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஹாஜியாரின் நோன்பைக் கேட்டுப் பூரித்துப்போய், ஜும்ஆவில் வாலிபர்களுக்கு அவரை எடுத்துக்காட்டாகவும் சொல்லி வைத்தார். அடுத்த திங்கள், நோன்பு திறக்க வீட்டுக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வியாழன் இருபது பேர். பரீனாவுக்குக் கிளினிக் போக எங்கே நேரம்? கஞ்சி காய்ச்சி, சமோசா மடித்தே கை ஓய்ந்தது. அடுப்புப் புகையில் இழுப்பும் கூடியது. ஹாஜியார் குசினி வாசலில் இரண்டொரு தரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அவள் தளரவில்லை. கிளினிக்கில் ஊசி போடும் மிஸ்ஸி மேனுகாவுக்குப் போன் எடுத்துக் கெஞ்சி, தனியாகப் புதன்கிழமைக்கு நேரம் வாங்கினாள்.

“இண்டைக்குப் பிறை பதினாலு. இதுவும் நோன்பு நாள்தான்,” என்றார் ஹாஜியார்.

“நோன்போடயே வாங்க. மௌலவி சொல்லிட்டார். ஏறுங்க ஓட்டோவுல.”

ஏறினார். தள்ளி இருந்து அவளுக்கு இடமும் விட்டார். அதுவே அவளுக்கு அதிசயமாக இருந்தது.

கிளினிக்கில் ஊசி போடும் கதிரையைக் கண்டதும் அப்படியே நின்று பரீனாவிடம் திரும்பினார். “எனக்குப் பயமா இரிக்கி புள்ள. நீ முதல்ல போடு. உனக்கு ஒண்டும் ஆகல்லெண்டா நான் போடுறன்.”

“எனக்கு எதுக்கு?”

“அப்ப வா, வீட்ட போவம்.”

இவ்வளவு தூரம் இழுத்து வந்தவரை விடுவதா? உண்மையில் ஊசியென்றால் பரீனாவுக்குத்தான் ஈரக்குலை நடுங்கும். கட்டின மனிதரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. கண்ணை மூடி, பிஸ்மி சொல்லி, சட்டைக் கையைச் சுருட்டினாள். ஒரு கையில் ஒன்று, மறு கையில் மற்றது.

எழும்பினாள். ஹாஜியாரின் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள். “மிஸ்ஸி, இவர் ஓடுறத்துக்குள்ள போடுங்க.”

மேனுகா ஊசியை எடுக்கவில்லை. ஹாஜியாரைப் பார்த்தாள். அவர் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவருக்கு இன்னொருக்கா எதுக்கு உம்மா? ஒரு மாசத்துக்கு முதலே தனியா வந்து ரெண்டும் போட்டுட்டு, ‘நான் போட்டது தெரிஞ்சா அவ இந்தப் பக்கமே வரமாட்டா, நோன்பு எண்டு நான் இழுத்தடிச்சாத்தான் என்னைச் சம்மதிக்க வைக்க அவளும் கைய நீட்டுவா’ எண்டு எங்கட வாயையும் கட்டிட்டுப் போயிட்டார்.”