டீசலில் ஓடிய நேர்த்தி

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பிக்கப் வாகனம் கட்டாயம் தேவை என்று என் கணவர் செல்வரட்ணம் முடிவெடுத்தது, ஒரு தண்ணீர்ப் பெட்டியை மூன்றாம் மாடிக்குத் தூக்க ஏலாமல் இரண்டாம் மாடிப் படியில் வைத்துவிட்டு வந்த நாளில்தான். பெட்டியை நான் போய் எடுத்து வந்தேன். அவர் கதிரையில் இருந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டு, கைபேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர்பெச்சுவா, இஞ்ச பார். நடுத்தரப் பிக்கப் திரும்பி வந்திட்டுது."

"எங்க போனது?"

"சந்தையில இல்லாமப் போனது. எல்லாரும் கொழுத்த ஜீப்புக்குப் பின்னால போயிட்டினம். இப்ப கொம்பனியள் திரும்பச் செய்யிறாங்கள். இது மூண்டரைத் தொன் இழுக்கும்."

"நீங்கள் என்னத்தை இழுக்கப் போறியள்?"

"தேவை வரேக்க இழுக்கும்."

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்களுக்கு மூன்றறை வீடு. தோட்டமில்லை, மாடில்லை, படகில்லை. என் கணவர் ஆயுளில் இழுத்த ஆகப் பெரிய பாரம் போர்வை. அதையும் என் பக்கத்திலிருந்துதான் இழுப்பார்.

அன்றிலிருந்து வீட்டில் எஞ்சின் பிரசங்கம். கோயிலில் சுவாமியாராவது ஒரு கட்டத்தில் ஆமென் சொல்லுவார். இவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. டீசலுக்கு இழுவை உண்டாம், ஆனால் கரியும் உண்டாம். பெற்றோல் சத்தமில்லாமல் போகுமாம், பாரம் ஏற்றினால் குடித்துக்கொண்டே போகுமாம். பாதி மின்சாரம் பாதி பெற்றோல் என்று ஒன்று. பற்றரியே பெரும் பாரம் என்பதால், அதைச் சுமப்பதற்காகப் பின்னால் ஏற்றுகிற சாமானைக் குறைக்க வேண்டுமாம். முழு மின்சாரம் என்றால் பாரத்தோடு பாதி வழியில் களைத்துவிடுமாம். அதோடு சார்ஜ் ஏற்ற மூன்றாம் மாடி யன்னலால் தெருவுக்கு வயர் விட வேண்டும்.

"எஞ்சின் எண்டால் ஒண்டைக் குடுத்துத்தான் ஒண்டை எடுக்கலாம்," என்றார்.

"நான் எல்லாத்தையும் குடுத்தன். என்னத்தை எடுத்தன்?"

சோறு ஆறுகிறது என்றார்.

எனக்கோ வேறு ஒரு பாரம் இருந்தது. எங்கள் மகள் லாராவின் குழந்தை நடாலி ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, நான் கெவெலார் திருத்தலத்து மாதாவிடம் வாக்குக் கொடுத்தேன். பிள்ளை பிழைத்தால், ஒரு வருடத்துக்கு ஒவ்வொரு மாதமும் முதற் சனிக்கிழமை நானும் என் மனுசனும் வந்து மெழுகுதிரி கொளுத்துவோம் என்று. பிள்ளை பிழைத்தாள். இப்போது நடக்கிறாள். என் நேர்த்திக்கடன் இன்னும் தவழவே தொடங்கவில்லை.

நான் செய்த பிழை, இவரைக் கேட்காமல் இவருடைய சனிக்கிழமைகளையும் சேர்த்து வாக்குக் கொடுத்தது. சனிக்கிழமை இவருக்கு முன்னூற்றிநாலு என்கிற சீட்டாட்டம். மண்டபத்தில் காலையில் தொடங்குகிற அந்தச் சீட்டு, வீட்டில் நான் வைத்த மீன்குழம்பு உறையும் வரைக்கும் நடக்கும்.

"ஆவணியில எல்லாத் தமிழ்ச் சனத்தோடயும் கெவெலாருக்கு ஒருக்காப் போறம் தானே," என்பார். "மாதா கெல்சென்கிர்ச்சனிலயும் இருக்கிறா. நடந்தே போய்க் கும்பிட்டிட்டு வரலாம்."

அப்படிச் சொன்ன மனிதர் ஒரு பின்னேரம் தானாகவே வந்து செபமாலைக்கு முழந்தாளில் நின்றார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. டொக்டர் ஏதும் சொல்லிவிட்டாரோ என்று நினைத்தேன். செபமாலை முடிந்ததும் கண்ணை மூடியபடியே பேசினார்.

"பேர்பெச்சுவா, நான் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைச்சிட்டன்."

"என்ன நேர்த்தி?"

"ஆவணித் திருவிழாவுக்குச் சமையல் கிடாரமெல்லாம் என்ர சொந்த வாகனத்தில ஏத்திக்கொண்டு போவன் எண்டு."

"எங்கட காரில ஒரு கிடாரமும் ஏறாதே."

"ஏறாது. பிக்கப் வேணும். நான் என்ன செய்யிறது, வாக்குக் குடுத்தாச்சு."

ஒரு கண்ணை மட்டும் திறந்து என் முகத்தைப் பார்த்தார். நேர்த்தி என்றால் நான் மறுக்கமாட்டேன் என்பது அவருடைய கணக்கு. நான் மறுக்கவில்லை. வாகனம் வாங்க மாதாவையே தரகர் ஆக்கிய மனிதனோடு நான் ஏன் வாயாட வேண்டும். அவவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவ பார்த்துக்கொண்டா. கீழ்வீட்டுக் கமலநாயகி அக்கா மூலமாக.

அக்கா ஆட்கள் சைவ சமயம். வெள்ளிக்கிழமை தவறாமல் அவவும் கணவர் கோபாலன் அண்ணையும் காரில் ஹம் நகரத்து அம்மன் கோயிலுக்குப் போய்வருவார்கள். கோபாலன் அண்ணையின் பக்தியை எடுத்துக்காட்டித்தான் நான் என் வீட்டில் சண்டை பிடிப்பது. அன்றைக்கு அக்காவின் குசினியில் இருந்து அதையே சொல்லிப் பெருமூச்சு விட்டேன்.

"எந்தப் பக்தி?" என்று அக்கா சிரித்தா. "அது அம்மன்ர வேலையில்லைப் பிள்ளை, டீசல்ர வேலை."

"டீசலோ?"

"டீசல் காருக்குள்ள கரி பிடிக்கிற வடி ஒண்டு இருக்காம். கடைக்கும் வேலைக்கும் எண்டு கிட்டக் கிட்ட ஓடினால் அது அடைச்சுப் போமாம். முன்னால மஞ்சள் லைட் எரியும். ஓட்டோபான் பெருந்தெருவில நீட்டுக்கு ஓடினால் தான் கரி எரிஞ்சு துப்புரவாகும். கராஜில அப்பிடிச் சொன்ன உடன, எங்க ஓடுறது எண்டு தெரியாமல் மனுசன் முழிச்சுக்கொண்டு நிண்டது. ஹம்முக்கு ஓடுங்கோ எண்டன். அதுக்குப் பிறகு ஒரு வெள்ளிப் பூசை தவறேல்ல."

நான் படியேறி வந்தபோது முழங்கால் நோகவேயில்லை.

சாப்பாட்டு மேசையில் இவருக்கு இன்னும் இரண்டு கறி கூடப் போட்டுவிட்டுச் சொன்னேன்.

"பெற்றோலை எடுங்கோ. நாங்கள் ஓடுறது தமிழ்க்கடைக்கும் கோயிலுக்கும். கிட்டத் தூரத்துக்கு டீசல் சரிவராதாம்."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். எங்கள் சுவாமியாருக்குக் காது மந்தம், உரத்துச் சொல்ல வேண்டும். ஆனபடியால் நான் முழு உண்மையைத்தான் சொன்னேன். அதை இவர் கேட்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் இடப்பக்கம் என்றால் இவர் வலப்பக்கம் திரும்புவார். பிறகு வழி தவறியதற்கு என்னோடு கோபிப்பார்.

"உனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது."

"அப்ப பேசாமல் சாப்பிடு. பெற்றோலாம். கிடாரத்தை ஏத்திக்கொண்டு இழுவையில்லாமல் நடுரோட்டில நிக்கச் சொல்லுறியோ? ஆம்பிளை ஓடுற வாகனம் டீசல்."

"நீங்கள் சொன்னால் சரி," என்றேன்.

இந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

வாகனம் விற்ற மனிதர் நல்லவர். கிட்டத் தூரம் ஓடுகிறவர்களுக்கு டீசல் உகந்ததல்ல, நீங்கள் எப்படி ஓடுவீர்கள் என்று ஜெர்மனில் பக்குவமாகக் கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்தினார். நீண்ட தூரம், நீண்ட தூரம் மட்டும்தான் என்றார். அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கைப்பைக்குள் செபமாலையைத் தேடத் தொடங்கினேன்.

வாகனம் வந்தது. கறுப்பு நிறம். நிறுத்துகிற இடத்தில் அதன் மூக்கு நடைபாதையில், வால் தெருவில். பக்கத்தில் இவர் நின்றால் தொப்பி மட்டும்தான் தெரியும். அதன் பின்பெட்டியில் முதன்முதலாக ஏறிய பாரம் ஒரு பிடி கறிவேப்பிலை. காற்றில் பறந்துவிடும் என்று அதையும் பாதி வழியில் நிறுத்தி எடுத்து என் மடியில் வைத்தார். மூன்றரைத் தொன் இழுக்கிற எஞ்சின் மூச்சு வாங்காமல் எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

பிறகும் தமிழ்க்கடை, கோயில், சீட்டு மண்டபம். மூன்றும் நடந்து போகிற தூரம். நான் ஒன்றும் சொல்லவில்லை. செபம் மட்டும் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக ஏறினால், ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டுகிற முள்ளுக்குப் பக்கத்தில், புனித அந்தோனியாரின் படம் ஒன்று புதிதாக ஒட்டியிருந்தது.

"இதென்ன புதினம்?"

"பக்தி," என்றார்.

"அந்தோனியாருக்குப் பின்னால மஞ்சளா என்னவோ எரியுது."

"புனிதர் எண்டால் ஒளிவட்டம் இருக்கும் தானே."

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாரைக் கொண்டு ஒரு லைட்டை ஒளிக்கப் பார்த்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்தோனியார் தன் வேலையைச் சரியாகச் செய்தார்.

கராஜில் படத்தை உரித்துப் பார்த்த மெக்கானிக் சிரித்துவிட்டார். ஓட்டோபானில் நீட்டுக்கு ஓடுங்கள், அடிக்கடி ஓடுங்கள், இல்லாவிட்டால் கரி வடியை முழுதாகக் கழற்றி மாற்ற வேண்டி வரும் என்றார். இவர் தெருவில் நின்று விரல் மடித்தார். கிழமை நாளில் வேலை. ஞாயிறு பூசை, மத்தியானம் லாரா குடும்பம் சாப்பிட வரும்.

"சனிக்கிழமை தான் மிஞ்சுது," என்றார். செத்தவீட்டுக் குரல்.

"ஓம்."

"கோபாலனிட்ட வாகனத் திறப்பைக் குடுத்து ஓடச் சொல்லட்டோ?"

"அவருக்கு அவற்ற கார்க் கரியே போதும்."

"அப்ப சும்மா டோர்ட்முண்ட் வரைக்கும் போய்த் திரும்புவம்."

"சும்மா ஏன் டீசலை எரிப்பான்? கெவெலாருக்கு ஒரு மணித்தியாலம். முழுக்க ஓட்டோபான். வாற சனி மாதத்தில முதற் சனி."

மடித்த விரலை விரித்தார்.

"உனக்கு இது முதலே தெரியுமோ?"

"நான் தானே பெற்றோலை எடுங்கோ எண்டு சொன்னனான்."

வாகனத்துக்குள் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

சனிக்கிழமை மண்டபத்தில் மூன்று பேர் நாலாம் ஆளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், நாலாம் ஆள் கெவெலாரில் மெழுகுதிரிப் புகையில் கறுத்த சுவருக்கு முன்னால் என்னோடு நின்றார். நான் நடாலிக்காக ஒரு திரி கொளுத்தினேன். இவர் ஆகப் பெரிய திரியாகப் பார்த்து எடுத்தார்.

"என்ன கேட்டனீங்கள்?"

"அந்த லைட் அணைஞ்சு, இனி ஒருநாளும் எரியக் கூடாது எண்டு."

"நல்லது," என்றேன். பிறகு இவருக்குத் தெரியாமல் இன்னொரு சின்னத் திரி எடுத்து, அது மாதாமாதம் எரிய வேண்டும் என்று கேட்டுக் கொளுத்திவிட்டு வந்தேன்.

திரும்பி வரும் வழியில் லைட் அணைந்தது. இவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "பாத்தியோ, என்ர செபத்தை. பெரிய திரி." வீட்டுக்கு வந்ததும் அந்தோனியாரை நன்றியோடு பழைய இடத்திலேயே ஒட்டினார்.

அதற்குப் பிறகும் தமிழ்க்கடை, கோயில், சீட்டு மண்டபம்.

அடுத்த மாதம் முதல் வெள்ளி பின்னேரம் கடையால் வந்தவர் இறங்காமல் வாகனத்துக்குள்ளேயே இருந்தார். நான் யன்னலால் பார்த்தேன். அந்தோனியாரின் ஒரு மூலையை விரலால் மெல்ல உயர்த்திப் பார்த்தார். மெல்ல ஒட்டினார். மேலே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், மண்டபத்துக்குப் போன் எடுத்தார்.

"நாளைக்கு என்னைப் பாக்காதேங்கோ. எனக்கு ஒரு நேர்த்தி இருக்கு."