பன்னிரண்டு ஸ்டூல்

நாளைக் காலை பத்து மணிக்குள் பன்னிரண்டு ஸ்டூல் வேண்டும். கையில் இருந்தது ஒன்று. அதிலும் காவலாளி உட்கார்ந்திருந்தார்.

பயிற்றுநர் கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்தார். 'அடிப்படைத் தச்சுப் பயிற்சி மாணவர்கள் பன்னிரண்டு பேரும் தம் கையால் செய்த ஸ்டூல்களைப் பார்வையிட மதிப்பீட்டாளர் நேரில் வருகிறார். எட்டுப் பேருக்குக் குறைவாகத் தேறினால் வகுப்பு மூடப்படும். பயிற்றுநரின் வேலையும் அத்துடன் முடியும்.' எத்தனை தடவை படித்தாலும் எழுத்து மாறுவதாக இல்லை.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சுத்தியல் சார். நாலு மாதமாகச் சுத்தியலின் பாகங்களை மட்டுமே நடத்திக்கொண்டிருந்தார். தலை, முகம், கழுத்து, கைப்பிடி. சுத்தியலை யாரும் தொட்டதில்லை. படம் வரைந்தார்கள், பாகம் குறித்தார்கள், வண்ணம் அடித்தார்கள்.

பழி முழுவதையும் அவர் தலையில் போடுவதும் நியாயமில்லை. கருவி அறையின் சாவி அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தது. அது வெளியே வர வேண்டுமானால் எண்பத்து நாலு பக்கப் பாதுகாப்புப் புத்தகத்தைப் படித்து முடித்து, பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் வந்ததாகச் சரித்திரமே இல்லை. வந்தவர்களும் மூட்டை தூக்கிவிட்டு வந்தவர்கள் மாதிரி கொட்டாவி விட்டார்கள். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வரும் ஒரு பெண் முதல் பெஞ்சிலேயே தூங்குவாள். அவளுக்குப் பெயரே பென்சில். அவளுக்குப் பின்னால் உட்காரும் பையனின் தலையில் எப்போது பார்த்தாலும் மாவு மாதிரி ஏதோ படிந்திருக்கும்.

"பொடுகுக்கு மருந்து போடுடா," என்று சுத்தியல் சார் அக்கறையாகச் சொல்வார்.

"போடறேன் சார்," என்பான் அவன், கொட்டாவிக்கு நடுவில்.

போன மாதம் மேலிடத்திலிருந்து, வேலை நடப்பதற்குச் சான்றாகப் படம் கேட்டார்கள். சுத்தியல் சார் யோசித்தார். வாசலுக்குப் போய்க் காவலாளியை எழுப்பிவிட்டு அவருடைய ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். யார் யார் என்றைக்கு வந்தார்களோ அன்றைக்கு அவர்களை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். பன்னிரண்டு பிள்ளை, பன்னிரண்டு படம். 'அனைவரும் செய்து முடித்தனர்' என்று கீழே எழுதி அனுப்பினார். படங்கள் நன்றாக அமைந்துவிட்டன. அதுதான் வினை. நேரில் பார்க்க ஆசைப்பட்டுவிட்டார்கள்.

வீட்டில் மனைவி போட்ட சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தக் கடுதாசியை வச்சுத் தொட்டுக்கப் போறீங்களா? சாப்பிடுங்க முதல்ல."

"வேலை போயிடும் போல இருக்கு."

கூடத்தில் படுத்திருந்த மனைவியின் தம்பி எழுந்து உட்கார்ந்தான். அவனுக்கு ஊரில் எல்லாரையும் தெரியும். எல்லாரையும் தெரிந்துகொள்வதையே தொழிலாக வைத்திருந்தான்.

"இவ்வளவுதானே மாமா? தெரிஞ்ச பர்னிச்சர் கடைக்காரர் ஒருத்தர் இருக்காரு. பன்னிரண்டு ஸ்டூலை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிடறேன். பார்த்துட்டுப் போனதும் திருப்பிக் குடுத்துடலாம்."

"பிள்ளைங்க செஞ்ச மாதிரி இருக்கணும்டா. கொஞ்சம் கோணலா, கால் ஆடுற மாதிரி."

"அதை எவன் மாமா கடையில வச்சிருப்பான்? இருக்கிறதைத்தான் வாங்க முடியும்."

மனைவி தட்டை முன்னால் தள்ளினாள். "ஒரு ஸ்டூல் செய்யச் சொல்லித்தரத் துப்பில்லை, இதுல கோணலா வேற வேணுமாம்."

மறுநாள் காலை ஸ்டூல்கள் வந்து இறங்கின. கோணல் ஒன்றிலும் இல்லை. தேய்த்து மெருகேற்றி, பன்னிரண்டும் பளபளவென்று நின்றன. தேர்வு என்று சொல்லி அனுப்பியிருந்ததால் பிள்ளைகளும் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர்கள் ஸ்டூலைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பொடுகுப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

பென்சில் கிட்டே வந்தாள். "சார், இந்த ஸ்டூல் எல்லாம்..."

"தெரியும். அதைப் பத்திப் பேச்சே கூடாது. யாரு செஞ்சாங்கன்னு அவர் கேட்டா, நாங்கதான்னு சொல்லணும். புரியுதா?"

"அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன்."

"என்கிட்ட எதுக்குச் சொல்றே? அவர்கிட்ட சொல்லு."

மதிப்பீட்டாளர் ஆள் கனமானவர். வந்ததும் ஒரு ஸ்டூலில் தன் முழு எடையையும் இறக்கினார். சுத்தியல் சார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஸ்டூல் முனகக்கூட இல்லை. அவர் எழுந்து அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"ஆணியே காணோமே. எப்படி நிக்குது?"

பாடப் புத்தகத்தில் அது எந்தப் பக்கத்தில் வருகிறது என்றுகூடச் சுத்தியல் சாருக்கு ஞாபகமில்லை. பென்சில் முன்னால் வந்தாள்.

"கால்ல துளை எடுத்து, சட்டத்தோட நுனியைச் செதுக்கி உள்ள இறக்கியிருக்கோம் சார். பசை காயற வரைக்கும் நாலு காலையும் சேர்த்துக் கயித்தால கட்டி, நடுவுல ஒரு குச்சியைக் குடுத்து முறுக்கி விட்டுடுவோம். ஆணி அடிச்சா மழைக்காலத்துல துரு ஏறி விட்டுக்கும்."

"ஓஹோ. ஒரு கால் குட்டையாப் போயிட்டா?"

"மத்த மூணையும் அறுப்போம் சார்," என்றான் பொடுகுப் பையன். "அதுவும் தப்பிப்போய் ரொம்பக் குட்டையாயிட்டா, குழந்தைங்க ஸ்டூல்னு பேரை மாத்திடுவோம்."

மதிப்பீட்டாளர் விழுந்து விழுந்து சிரித்தார். சுத்தியல் சார் அசந்துபோய் நின்றார். இவ்வளவு சரளமாகப் பொய் சொல்லத் தெரிந்த பிள்ளைகளைப் போய் மக்கு என்று நினைத்துவிட்டோமே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

"பிரமாதம்," என்றார் மதிப்பீட்டாளர். "எங்கே, ஒரு கட்டையை என் முன்னால அறுத்துக் காட்டும்மா."

"காட்டறேன் சார். ரம்பம் எடுங்க."

சுத்தியல் சார் குறுக்கே பாய்ந்தார். "ரம்பம் கருவி அறையில இருக்கு சார். சாவி அலுவலகத்துல."

"வாங்கிட்டு வாங்க."

"பாதுகாப்புப் புத்தகம் முடியாம தர மாட்டாங்க சார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மதிப்பீட்டாளரின் சிரிப்பு நின்றது.

"புத்தகம் முடியலையா? அப்போ இவங்க கைக்கு ரம்பமே வரலை. ரம்பம் இல்லாம பல்லால கடிச்சா ஸ்டூல் செஞ்சாங்க?"

நோட்டுகளை எடுத்துப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சுத்தியல். சிவப்புச் சுத்தியல், பச்சைச் சுத்தியல். ஒரு சுத்தியலுக்கு மீசை இருந்தது. நோட்டை மூடிவிட்டு, பையிலிருந்து அந்தப் பன்னிரண்டு படங்களை எடுத்து வரிசையாகப் பரப்பினார்.

"இந்த ஸ்டூல்ல ஒரு கால் ஓரத்துல சில்லு பெயர்ந்திருக்கு. இதுலயும் அதே கால். இதுலயும் அதே கால். இங்க இருக்கிற ஒண்ணுலயும் சில்லு இல்லையே?"

"சரி பண்ணிட்டோம் சார்," என்றார் சுத்தியல் சார்.

"பன்னிரண்டையுமா?"

பதிலுக்குக் காத்திராமல் மதிப்பீட்டாளர் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். காவலாளி மரியாதைக்காக எழுந்து நின்றார். எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம்.

"படத்துல இருக்கிறது இந்த ஸ்டூல்தானே?"

"ஆமாங்க. அதுக்காகப் பன்னிரண்டு தடவை நின்னேன். எனக்கு மூட்டுவலி வேற."

மதிப்பீட்டாளர் திரும்பி வந்தபோது சுத்தியல் சாரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "கடையில இரவல் வாங்கினது சார்," என்று தானே சொல்லிவிட்டார். "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் பொய் சொல்லச் சொன்னேன். வேலையை மட்டும் எடுத்துடாதீங்க சார். இந்த வயசுல வேற எங்க போய் நிப்பேன்?"

மதிப்பீட்டாளர் பேனாவால் மோவாயைத் தட்டினார். நல்ல மனுஷர்தான். ஒருவர் வேலையைப் பறித்தால் நிரப்ப வேண்டிய படிவம் எத்தனை என்பதும் அவருக்குத் தெரியும்.

"ஒரு வழி இருக்கு. பன்னிரண்டு பேரும் இதை நாங்க செய்யலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, தேர்வே நடக்கலைன்னு போட்டுடுவேன். நடக்காத தேர்வுல யாரும் தவறினதா ஆகாது. வகுப்பும் மூடாது, உங்க வேலையும் போகாது. சான்றிதழ் மட்டும் கிடையாது. அடுத்த வருஷம் முதல் பக்கத்துல இருந்து படிக்கட்டும்."

"சான்றிதழ் இல்லாம எங்களை எங்கயும் நிரந்தர வேலைக்குச் சேர்த்துக்க மாட்டாங்களே சார்," என்றாள் பென்சில். "அதோட, நாங்கதானே செஞ்சோம்?"

"போதும்மா," என்றார் சுத்தியல் சார். "நல்லாத்தான் நடிச்சே. இனிமே வேண்டாம்."

"நடிக்கல சார்."

"கண்ணைப் பார்த்து எப்படிச் சொல்லுது பாருங்க, இந்த வயசுல," என்று மதிப்பீட்டாளர் தலையை ஆட்டினார். "இதுக்குத்தான் எங்க பாடத்திட்டத்துல ஒழுக்கம்னு ஒரு தனிப் பாடமே வச்சிருக்கோம்."

சுத்தியல் சார் அவளைச் சன்னல் ஓரமாக அழைத்துப் போனார். குரல் இறங்கிவிட்டது. "வீட்டுல ரெண்டு பிள்ளைங்கம்மா. உங்களுக்கு ஒரு வருஷம். எனக்கு சோறு. எழுதிக் குடுத்துடு, தாயி."

அவள் அவரைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற ஸ்டூல்களையும் பார்த்தாள். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். 'இந்த ஸ்டூலை நான் செய்யவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மற்ற பதினொரு பேரும் அவளைப் பார்த்து எழுதினார்கள். பொடுகுப் பையன் மட்டும் எழுதிவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் எழுதி முடித்த பாடம் அது ஒன்றுதான். ஒருவரும் பிழை விடவில்லை.

மதிப்பீட்டாளர் தாள்களைச் சரிபார்த்து ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினார். "உண்மையை ஒத்துக்கறது பெரிய விஷயம். இன்னிக்கு ஒண்ணாவது கத்துக்கிட்டீங்க," என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கடைக்காரர் தோளில் துண்டோடு இறங்கி வந்தார். வேலை பிழைத்த நிம்மதியில் சுத்தியல் சார் ஓடிப்போய்க் கும்பிட்டார்.

"ரொம்ப உபகாரம் பண்ணீங்க. பன்னிரண்டும் பத்திரமா இருக்கு, எடுத்துக்கோங்க."

கடைக்காரர் அவருக்குத் தலையை ஆட்டிவிட்டு, அவரைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். பென்சிலைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்ன மேஸ்திரியம்மா, என் பட்டறையில ராத்திரி ராத்திரியா நீயும் உன் ஆளுங்களும் செஞ்ச ஸ்டூலைத் திரும்ப வண்டியில ஏத்தறதுக்கு நான் வெளியாளைக் கூப்பிடணுமா?"